நடுவில் இடம் விட்ட பஸ்

மில்லிக்கன், கனடா,
தை, 1996.

மதிப்புக்குரிய சம்பந்தி மாமாங்கம் அவர்களுக்கு,

உங்கள் மகன் சஞ்சீவனுக்கு என் மகள் நிலக்சியைத் தருவதாகச் சொல்லி வெற்றிலை மாற்றிய சண்முகலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும், ரெலிபோனை அடித்து வைத்த உங்கள் கையும் சுகமாக இருக்க றிச்மண்ட் ஹில் பிள்ளையாரை வேண்டுகிறேன். "தாலிக்குப் பொன்னுருக்கப் பிணவண்டியில வந்த ஆக்களோட எங்களுக்குச் சம்பந்தம் வேணாம்" என்றுவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பொன்னுருக்கலுக்கு நாங்கள் வந்து இறங்கிய அந்த பஸ், ஒரு ருஷ்யத் தொழிற்சாலை இங்கே கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. திருப்பி அனுப்பக் கப்பல்கூலி கட்டாது என்று விட்டுப்போக இருந்தார்கள். நான் அரிசி வியாபாரி, விடுவேனா? மலிவாக வாங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் ஆளை ஆள் பார்த்தபடி நீள இருக்கைகள், நடுத்தரையில் இரண்டு தண்டவாளமும் உருளைகளும், பின்னுக்கு ஓர் அகலக் கதவு. அரிசி மூட்டையை வைத்துத் தள்ளினால் தானே முன்னுக்குப் போகும். ருஷ்யன் மூளைசாலி என்று நினைத்தேன். கிழமை நாட்களில் அரிசி ஏற்றினேன், வெள்ளிக்கிழமைகளில் கோயில் சனம் ஏற்றினேன்.

சனம் ஏறினால் சத்தம் நின்றுவிடும். கடை வாசலில் ஊருக்கே கேட்கக் கதைக்கிற என் மனைவி கமலாம்பிகைகூட, ஏறியதும் சேலைத் தலைப்பைப் போர்த்துக்கொண்டு குனிந்து இருப்பாள். நெரிசல் நாளிலும் நடுவில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். ஏன் என்றால், "அதிலை நிண்டா இடைஞ்சல் எல்லோ அண்ணை" என்பார்கள். ஆருக்கு இடைஞ்சல் என்றால் கால்களை இன்னும் உள்ளுக்கு இழுத்துக்கொள்வார்கள். தண்டவாள இடுக்கில் கிறிஸ்மஸ் மரத்தின் பச்சை ஊசியிலைகள் கிடக்கும். கூட்டித் தள்ளிப் பூட்டிவிட்டுப் போவேன், திறந்தால் திரும்பவும் கிடக்கும், ஈரமாக. வீதியோரத்தில் ருஷ்யக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், கிழவிகள் நெஞ்சில் சிலுவை போடுவார்கள். தங்கள் நாட்டுச் சரக்கில் இவ்வளவு மரியாதையா என்று நான் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவேன். பின்னால் வரும் கார்கள் முந்தாமல், லைற் போட்டுக்கொண்டு வரிசையாக வரும். கனடாக்காரருக்கு என்ன ஒழுக்கம் என்று மெச்சினேன்.

நீங்கள் ரெலிபோனை வைத்த பிறகுதான் ருஷ்ய மெக்கானிக் அலெக்ஸாண்டரிடம் பஸ்ஸைக் கொண்டுபோனேன். பின்கதவைத் திறந்தான், தொப்பியைக் கழற்றினான், பிறகு தொழிற்சாலையின் சரித்திரத்தைச் சொன்னான். தொடக்கத்தில் அங்கே சுத்தியலும் குறடும்தான் செய்தார்களாம். யுத்தம் முடிய, சின்ன பஸ் செய்யச் சொல்லி அரசாங்கம் கட்டளையிட்டது. சேற்றிலும் பனியிலும் ஓடும், உடைந்தால் சுத்தியலாலேயே திருத்தலாம். பள்ளிக்கூடம், அறுவடை, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் கிராமத்தில் அதுதான். பிறகு அரசாங்கமே விழுந்தது. பெரிய பஸ் செய்தவர்களிடம் வாங்க ஆளில்லை. சின்னது செய்த இந்தத் தொழிற்சாலை தப்பியது, தனி முதலாளிக்குச் சின்னதுதானே கட்டும்! கேட்கக் கேட்க எனக்கு அந்தத் தொழிற்சாலையில் ஒரு மதிப்பு வந்தது. எந்த மொடல் நன்றாக விலைபோகிறது என்று கேட்டேன். தண்டவாளத்தைக் காட்டினான். "இதில் போகிறவன் மட்டும் குறை சொல்லித் திரும்பி வருவதில்லை" என்றான். தண்டவாளம் பிரேதப் பெட்டியை உருட்டி ஏற்றவாம், பிரேதம் போகும் வழியில் ஊசியிலைக் கொப்புப் போடுவது அவர்கள் வழக்கமாம்.

சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், அது கண்காட்சிக்கு வந்த புது வண்டி. ஒரு பிரேதமும் அதில் ஏறவில்லை. அப்படியென்றால் ஊசியிலை எப்படி வரும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "இன்னும் ஒருவரும் ஏறவில்லை, அதனால்தான் வழி போட்டுக் காத்திருக்கிறது" என்றான் அலெக்ஸாண்டர். திரும்பிவரும்போது நான் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை.

நேற்றே விற்றுவிட்டேன். வாங்கிய ஆள் தண்டவாளம் எதற்கு என்று கேட்க, அரிசிக்கு என்றேன், அது பொய்யில்லையே. நிலக்சி அழுதழுது சாப்பாட்டைத் தொடுகிறாளில்லை. ஒரு தகரப் பெட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காரில்தான் வருவோம்.

சம்பந்தி அம்மா நாகேஸ்வரிக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு நூறு வயது கேட்டு அர்ச்சனை செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
சண்முகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக, நிலக்சி சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். நீங்கள் மனம் இரங்கிவிட்டீர்களாம், மாப்பிள்ளை வீட்டாருக்கு, வாடகைக்கு வண்டி விடும் யூஜினியின் கொம்பனியில் பஸ்ஸும் பிடித்துவிட்டீர்களாம். மிகவும் சந்தோசம். நான் விற்றதும் யூஜினிக்குத்தான். வெள்ளை அடிக்கப்போவதாகச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை ஏறுமுன் தரையைப் பாருங்கள். தண்டவாளம் தெரிந்தால், இத்துடன் அனுப்பும் அரிசி மூட்டையை முதலில் ஏற்றி நடுவில் வையுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு வரவேண்டாம்.