கோடாலிக்குப் போட்ட சிவப்பு ஷூ

ஷூவின் கயிற்றைக் கட்ட மேலாளர் குனிந்தார். முதுகுப்பையின் ஓரத்தில், தண்ணீர் பாட்டில் செருகும் இடத்தில் நின்றிருந்த கோடாலி அவர் தலைக்கு மேலாக நழுவி வந்து கூடத்தின் நடுவில் பாய்ந்தது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கால் இருக்கா?"

"இருக்கு."

"டைல்ஸ்?"

மேலாளர் பார்த்தார். "அது போச்சு."

அது விறகு பிளக்கிற கோடாலி இல்லை. ஒன்றரை அடி மரப்பிடி, உள்ளங்கை அகலத்துக்கு அலகு. பெட்டியின் மேல் 'டொமஹாக்' என்று அச்சடித்திருந்தது. எந்தக் காலத்திலோ எந்த நாட்டு வீரர்களோ இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த சாமான். அது இவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு இவருடைய வாய்தான் காரணம்.

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு அவர் மேலாளர். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், "பதட்டப்படாதீங்க, விஷயம் தெரிஞ்ச ஆள் வந்துட்டிருக்காரு" என்று சொல்ல வேண்டும். ஆள் எப்போது வருவார் என்பது வேறு விஷயம். சொல்கிற குரலில் கனம் இருக்க வேண்டும். அந்தக் கனம் அவரிடம் நிறையவே இருந்தது.

மிஞ்சிய கனத்தை மதிய இடைவேளைகளில் செலவழித்தார். பத்தொன்பது வயதில் காட்டுக்குள் தனியாகப் பதினெட்டு நாள் இருந்த கதை. முதல் வருஷம் சொன்னபோது குறுக்கே வந்த நரி, ஒன்பதாவது வருஷத்தில் சிறுத்தையாக வளர்ந்திருந்தது. பிரிவில் அவருக்குப் பெயரே 'பதினெட்டு நாள் சார்'.

பதினெட்டு நாள் என்பது மட்டும் உண்மை. காட்டோர மரக்கிடங்கில் வேலை பார்த்த சித்தப்பா வீட்டுக்குப் போனார். போன அன்றே காய்ச்சல். பதினெட்டு நாளும் கட்டில். ஜன்னல் வழியாகக் காடு தெரிந்தது. அப்போது மூக்குக்கண்ணாடி கிடையாது என்பதால் வெறும் பச்சையாகத் தெரிந்தது. இது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

பிரிவில் பத்துப் பேர். யார் லீவு கேட்டாலும் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிற மனுஷர் என்று அவர்மேல் எல்லோருக்கும் பிரியம். அந்தப் பிரியம் போன வாரம் பொங்கி வழிந்துவிட்டது. சனிக்கிழமை காட்டு நடைப்பயணம், சார்தான் தலைமை என்று முடிவு செய்து, இந்தக் கோடாலியையும் கையில் கொடுத்தார்கள்.

"எப்படி சார் இத பையில மாட்டுவீங்க? காட்டுங்களேன்," என்றாள் டைப்பிஸ்ட். பெட்டியில் உறை இல்லை, வார் இல்லை, ஒன்றும் இல்லை.

"மாட்டறதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா," என்றார் மேலாளர். "அன்னிக்குப் பாரு."

அந்த முறையைத்தான் இப்போது அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி, உடைந்த டைல்ஸைப் பொறுக்கியபடி.

"ஒன்பது வருஷம் கழிச்சா?"

"பத்தாவது வருஷம் இன்னும் கஷ்டம்."

"வழியப் பத்தி எனக்குக் கவலையில்ல. வழிகாட்டி ஒருத்தர் வர்றாராம். வன இலாகால இருபத்தெட்டு வருஷம் இருந்தவரு. ரேஞ்சர்னு கூப்பிடறாங்க. அவர் பின்னாலேயே போயிடுவேன். ஆனா அப்பேர்ப்பட்ட ஆளு, கோடாலிய மாட்டியிருக்கிற லட்சணத்தப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு. பத்துப் பேர் முன்னாடி 'யோவ், நீ காட்டுக்கே போனதில்ல'ன்னு சொல்லிட்டா, திங்கக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஆபீஸ் போறது?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். மனசு இளகிவிட்டது. "திரைச்சீலைக் கயிறு தரவா?"

அந்தக் கயிற்றால் கோடாலியைப் பையின் குறுக்கே படுக்கவைத்துக் கட்டினார். அசையவில்லை, விழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். பிடி இந்தப் பக்க நிலையில் இடித்தது. அலகு அந்தப் பக்கத் திரையைக் கவ்வியது. பதறித் திரும்பியதில் திரை, கம்பி, கம்பியைத் தாங்கிய இரண்டு ஆணி, ஆணியைத் தாங்கிய கொஞ்சம் சுவர் எல்லாம் கூடவே வந்தன.

"காட்டுல கதவு இருக்காது," என்றார்.

"மரம் இருக்கும்," என்றாள் மனைவி.

அதனால் மச்சானைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மனைவியின் தம்பி, குழாய்க் கடைக்காரர். அவரிடம் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு குழாய் வைத்திருப்பார். இதற்கு ஒரு அடி பிளாஸ்டிக் குழாயோடு வந்தார்.

"அம்பறாத்தூணி மாதிரி வெச்சிடலாம் மாமா. பிடி குழாய்க்குள்ள, தலை மட்டும் மேல. உங்க காதுக்குப் பக்கத்துல நிக்கும். ராஜா மாதிரி இருக்கும்."

குழாயைப் பையோடு சேர்த்து இரண்டு கிளாம்ப் போட்டு, பத்துத் திருகாணி முடுக்கினார். கோடாலியைச் செருகினார். கடகடவென்று ஆடியது.

"அதுக்கும் வைத்தியம் இருக்கு," என்று ஒரு டப்பாவைத் திறந்து குழாய்ப் பசையை உள்ளே ஊற்றினார்.

கால் மணி நேரம் கழித்து மேலாளர் கோடாலியை உருவிப் பார்த்தார். வரவில்லை. மச்சான் பையைப் பிடித்துக்கொள்ள, இவர் சுவரில் காலை ஊன்றி இழுத்தார். பையோடு மச்சான்தான் வந்தார்.

"எடுக்கவே முடியலியேப்பா."

"விழவும் விழாதில்ல மாமா?" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மச்சான் கிளம்பினார். கடையை அடைத்துவிட்டு வந்த மனுஷரை என்ன சொல்ல? மேலாளர் வாசல்வரை போய் நன்றி சொல்லி அனுப்பினார்.

மிச்சமிருந்தது காதோரம் நின்ற அலகு. அதற்கு ஒரு உறை வேண்டும். மேலாளர் பரணிலிருந்து ஒரு பழைய தோல் கைப்பையை எடுத்து வெட்டினார். வெட்டி முடித்த பிறகுதான் அது பழசு இல்லை, மனைவி பத்திரமாக வைத்திருந்தது என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மனைவி சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள்.

பிறகு மனைவி தானாகவே வந்தாள். கையில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பாக ஒரு கேன்வாஸ் ஷூ. கல்யாணமாகிப் போய்விட்ட மகள் நடை பழகியபோது போட்டது. அலகின் மேல் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கயிற்றை இழுத்துப் பூமுடிச்சுப் போட்டாள்.

"இத பத்திரமாத் திருப்பிக் கொண்டு வாங்க," என்றாள். "நீங்களும் வாங்க."

மேலாளர் அந்தப் பூமுடிச்சைத் தொட்டுப் பார்த்தார். வெட்டிய கைப்பையின் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

சனிக்கிழமை விடிந்ததும் காட்டு முனையில் வேனிலிருந்து இறங்கினார். பத்துப் பேரும் அவர் முதுகையே பார்த்தார்கள். குழாய், கிளாம்ப், அதற்கு மேலே காதோரம் குழந்தை ஷூ.

"சார்," என்று ஆரம்பித்தாள் டைப்பிஸ்ட். "அது ஷூ தானே?"

மேலாளர் வாயைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ரேஞ்சர் வந்தார். பச்சைத் தொப்பி, கழுத்தில் விசில், முழங்கால்வரை பூட்ஸ். மேலாளரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குழாயைத் தட்டினார். ஷூவை ஒரு விரலால் அமுக்கினார். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அனுபவம்னா இது," என்றார் ரேஞ்சர். "காட்டுல கூர்மைய மறைச்சுத்தான் கொண்டு போகணும். எல்லாரும் பாத்துக்கங்க."

பத்துப் பேரும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். மேலாளர் கண்ணைத் திறந்து ரேஞ்சரைப் பார்த்தார். ஒரு மனுஷனுக்காக இன்னொரு மனுஷன் இவ்வளவு தூரம் இறங்கிவந்து பொய் சொல்வானா என்று மனசு நெகிழ்ந்தது.

நடந்தார்கள். ரேஞ்சர் மரியாதையாக, "நீங்க கூடவே வாங்க சார்," என்று பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். வழியில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது.

"வெட்டிக் காட்டுங்க சார்," என்று பின்னாலிருந்து குரல்கள்.

மேலாளர் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடியைத் தேடுவதுபோலத் தேடினார். ரேஞ்சர் விசிலை ஊதினார். "தேவையில்லாம உருவ மாட்டாரு. தாண்டிப் போங்க."

இன்னும் கொஞ்ச தூரத்தில் கிளாம்ப்பின் திருகாணி, பைக்குள்ளிருந்த தண்ணீர் பாட்டிலைப் பதம் பார்த்துவிட்டது. மேலாளரின் கால்சட்டை பின்புறம் நனைந்து, நடந்த வழியெல்லாம் சொட்டியது. சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"சிரிக்காதீங்க," என்றார் ரேஞ்சர். "திரும்பி வர்றதுக்குத் தடம் போட்டுக்கிட்டே வர்றாரு."

மேலாளருக்கு அழுகை வரும்போல இருந்தது. மனைவி, மச்சான், இப்போது முன்பின் தெரியாத இந்த மனுஷர். தன் ஒரு பொய்யைத் தூக்கிப் பிடிக்க எத்தனை நல்லவர்கள். திங்கட்கிழமை பிரிவில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தச் சிறுத்தையைத் திரும்ப நரியாக்கி, நரியைக் காய்ச்சலாக்கிவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கு முன்னால் ரேஞ்சரின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உச்சிவெயிலில் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. பத்துப் பேரும் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள். போட்டுக்கொண்டு வந்த தடம் எப்போதோ காய்ந்துபோயிருந்தது. மேலாளர் கவலைப்படவில்லை. வருஷக்கணக்காகப் போனில் சொல்லி வந்த அந்த விஷயம் தெரிந்த ஆள், இன்றைக்குத் தனக்கே நேரில் வந்திருக்கிறார்.

அவரை ஒரு புதருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "ரேஞ்சர் சார், காலையிலேர்ந்து நீங்க செஞ்ச உதவிக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"என்ன சார் நீங்க, நான்தான் உங்களுக்குச் சொல்லணும்," என்றார் ரேஞ்சர். தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷமும் நான் பைல் அடுக்கற ரூம்லயே இருந்தவன் சார், காட்டுக்குள்ள கால் வைக்கறதே இன்னிக்குத்தான். காலைல உங்க முதுகுல அந்தக் கோடாலிக் கட்டப் பாத்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு. சொல்லுங்க சார், இதுல நாம எந்தப் பக்கம் போகணும்?"