கடல்பஞ்சு அண்ணாச்சி கேட்டு வாங்கிய அபராதம்

பம்பாய் லோக்கல் ரயிலில் அபராதம் கட்டமாட்டேன் என்று சண்டை போட்டவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். அபராதம் போட்டே ஆகவேண்டும் என்று சண்டை போட்டவர் ஒருவர்தான். தாராவியில் என் அடுத்த அறைக்காரரான கடல்பஞ்சு அண்ணாச்சி.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். காதில் ரத்தம் வந்து, இனி முங்கினால் செவிடுதான் என்று டாக்டர் சொன்னதும் ரயிலேறி வந்து, ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர் ஆனார். எண்பதுகளின் தொடக்கம் அது. குடுவை துடைப்பது அவருக்குச் சம்பளத்துக்கு. ஸ்பாஞ்ச் என்கிற கடல்பஞ்சுக்காக வாதாடுவதுதான் முழுநேர வேலை.

“அது செடிதானே அண்ணாச்சி?” என்று எவனாவது வாய்தவறிக் கேட்டால் அன்றைக்கு அவன் ஆபீஸ் போனமாதிரிதான்.

“செடியா? குடம் மாதிரி இருக்கும், விரல் மாதிரி இருக்கும், ஆனைக்காது மாதிரி இருக்கும். தொட்டா மூணு நாள் சொறிய வைக்கிற வகையும் உண்டு. ஒண்ணு சங்கையே துளைச்சுச் சல்லடை ஆக்கிப்புடும். நான் மூச்சடக்கி எடுத்த சங்கை எத்தனை தடவ கெடுத்திருக்கு தெரியுமா? செடி இப்படிப் பண்ணுமா வே?”

எதிரியைத் திட்டுகிறாரா, பங்காளியைப் புகழ்கிறாரா என்று தெரியாது. இரானி டீக்கடையில் ஸ்பாஞ்ச் கேக் வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டார். பெயரைத் திருடிய பண்டமாம்.

ஒருமுறை கல்லூரியில் செய்முறைத் தேர்வு வந்தது. குடுவையில் ஊறும் பழைய கடல்பஞ்சையே வைத்தால் போதும் என்றார் பேராசிரியர். அண்ணாச்சி ஒப்பவில்லை. “செத்ததக் காட்டினா பிள்ளைக செடின்னுதான் எழுதும்” என்றார். நன்னீரில் வளரும் வகை ஒன்று தேவ்நார் பக்கத்துக் குளத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தேர்வன்று விடிந்ததும் முழங்கால் சேற்றில் இறங்கி, முங்கிக்கிடந்த கட்டையோடு அதை எடுத்து, குளத்துத் தண்ணீரோடு வாளியில் வைத்தார். வாளியின் மறுபக்கத்தைப் பிடிக்க நான் அரைநாள் லீவு போட்டிருந்தேன்.

செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, கல்லூரி இருக்கும் மாட்டுங்காவில் இறங்கினோம். படிக்கட்டருகே டிக்கெட் பரிசோதகர் நின்றார். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே மறித்தார். பாலக்காட்டுக்காரர்.

“வாளியில என்ன?” என்று எட்டிப் பார்த்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாசியா? போங்கோ, போங்கோ” என்றார்.

நான் நகர்ந்தேன். வாளி நகரவில்லை.

“பாசியில்ல சார். பிராணி” என்றார் அண்ணாச்சி.

“பிராணியா? கண்ணு எங்கே?”

“கிடையாது.”

“வாய்?”

“கிடையாது. மேலெல்லாம் பொடித்துளை. அதுவழியாத் தண்ணி உள்ள போவும், பெரிய துளை வழியா வெளிய வரும். நடுவுல அகப்பட்டதத் தின்னுக்கிடும்.”

“நகருமா?”

“குஞ்சா இருக்கையில நீந்தும். ஒரு இடத்துல ஒட்டிட்டா, ரயில்வே உத்தியோகம் மாதிரி, பிறகு அங்கனயேதான்.”

பரிசோதகரின் முகம் மாறியது. “பிராணின்னா டிக்கெட் வேணும். இல்லேன்னா அபராதம்.”

“போடுங்க.”

நான் கெஞ்சினேன். “அண்ணாச்சி, செடின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பரீட்சை ஆரம்பிக்கிற நேரம் ஆச்சு.”

“நாய் கொண்டுபோறவன் கட்டுதாம்லா? இது நாயவிடக் கொறஞ்சதா?”

பரிசோதகரின் குரல் இறங்கியது. “ஓய், ரசீதுல நான் என்னன்னு எழுதறது? ஆபீஸ்ல சிரிப்பா. சும்மா காலிபீலி டயம் வேஸ்ட் பண்ணாதேயும், கிளம்பும்.”

அண்ணாச்சி கிளம்பவில்லை. வாளியை நடைமேடையில் வைத்து, “உங்க பேனாவக் குடுங்க” என்றார். என்ன நினைத்தாரோ, அவரும் கொடுத்தார். அண்ணாச்சி குனிந்து, கட்டையில் ஒட்டியிருந்த பச்சைக் கட்டியின் ஓரமாக ஒரு சொட்டு மை விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் சேர்ந்தது. ஒரு ரயில் வந்து போனது. “ரயில் குலுக்கல்ல பயந்து துளைய மூடிக்கிட்டுது. பொறுங்க” என்றார். வாளிமேல் நிழல் விழாமல் கூட்டத்தைக் கையால் விலக்கினார்.

இரண்டாவது ரயிலும் போனபிறகு, ஓரத்தில் கலங்கி நின்ற மை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. சற்று நேரத்தில் உச்சியிலிருந்த துளையிலிருந்து நூல்போல ஒரு நீலக்கோடு எழும்பி வந்தது.

பரிசோதகர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாளிக்கு முன்னால் குந்தினார். கோடு கரையும்வரை பார்த்தார். பிறகு அதே பேனாவால் அபராத ரசீது எழுதினார்: ‘பிராணி, ஒன்று.’

நாங்கள் கல்லூரி சேர்ந்தபோது தேர்வு பாதி முடிந்திருந்தது. மேசையில் குடுவைக் கடல்பஞ்சுதான் இருந்தது. நேரத்துக்கு வராததற்குப் பேராசிரியர் மெமோ கொடுத்தார். ஒரு மாணவன்கூட வாளிப்பக்கம் வரவில்லை. அண்ணாச்சி மெமோவில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் வாளியோடு கடல்பஞ்சைக் குளத்தில் விடக் கிளம்பினார். அரைநாள் லீவை முழுநாளாக்கிக்கொண்டு காத்திருந்த நானும் கூடப் போனேன். டிக்கெட் கவுண்டரில் அவர் வாய் திறப்பதற்குள் நான் ஜன்னலுக்குள் தலையை நீட்டிச் சொன்னேன்: “செம்பூருக்கு ரெண்டு ஆளு, ஒரு பிராணி.”