அம்பிட்டிய வளவைச் சம்பந்தி பார்த்த வரலாறு

கண்டி, மஹய்யாவ
அட்சய வருடம், கார்த்திகை 12

சகல சௌபாக்கியமும் பொருந்திய வட்டுக்கோட்டை மச்சான் ஐயம்பிள்ளை அவர்களுக்கு மயில்வாகனம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உமது தங்கையும், மகள் நாகம்மாவும், என் இருமலும் சுகம். அங்கே உமது சுகத்துக்கும் மாட்டின் சுகத்துக்கும் எழுதவும்.

நாகம்மாவுக்கு வந்த மூன்று சம்பந்தமும் தட்டிப்போனது உமக்குத் தெரியும். நாலாவதும் போனால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் அம்பிட்டியவில் ஒரு வளவு சீதனமாகத் தருகிறேன் என்று மாப்பிள்ளையின் தகப்பன் வேலாயுதருக்கு எழுதினேன். நம்மூரில் வளவு என்றால் என்ன, வேலி அடைத்த ஒரு துண்டுக் காணி, நாலு வாழை, ஒரு கிணறு. நான் சொன்னதும் அதைத்தான்; கிணறு இன்னும் வெட்டவில்லை. அதைப் பார்க்க மனுசன் நேற்று வந்து இறங்கினார். வண்டிக்காரன் முஹைதீனிடம் அம்பிட்டிய வளவுக்கு விடச் சொன்னேன். கண்டியில் வளவு என்றால் சிங்களப் பிரபுக்களின் மாளிகையாம். கோப்பிக் கிட்டங்கியில் ஏழு வருடம் கிளாக்கராயிருந்தும் எனக்கு இது தெரியாது. வழிநெடுக நாகம்மாவின் சமையலைப் புகழ்ந்துகொண்டிருந்ததில் பாதையையும் கவனிக்கவில்லை. வண்டி நின்ற இடத்தில் இரண்டு ஆள் உயரக் கல்மதில், மதிலில் துவக்குச் சுடுகிற ஓட்டைகள், யானை நுழையும் கதவு. சம்பந்தி தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "இதுவோ வளவு?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மச்சான். "ஓம், கொஞ்சம் பழசு" என்று வந்துவிட்டது.

உள்ளே தாமரைக் குளமும் ஜாதிக்காய் மரங்களுமாகப் பெரிய தோட்டம். அன்று அங்கே புல்லுப் பிடுங்கக் கூலியாட்கள் வரவேண்டியிருந்ததாம். காரியக்காரன் எங்களைக் கண்டதும், ஏன் பிந்தினீர்கள் என்று சிங்களத்தில் அதட்டி, ஆளுக்கொரு மண்வெட்டியைத் தந்து, கதவைப் பூட்டிவிட்டான்.

"உங்கட வேலையாள் உங்களையே வெருட்டுறானே" என்றார் சம்பந்தி.

"எங்கட வளவிலை புல்லுப் பிடுங்காமல் ஒருத்தரும் சாப்பிடேலாது. நான் தொடங்கின வழக்கம், நானே மீறலாமோ?" என்றேன்.

வேலாயுதர் நெகிழ்ந்துபோனார். நான் மூன்று பாத்தி முடிக்குமுன் அவர் ஐந்து முடித்துவிட்டார். இடையில் முஹைதீன் வேறு துவக்கு ஓட்டையால் எட்டிப் பார்த்து, "வளவு எப்புடி, நல்லா ஈக்கா?" என்று கேட்டான். பின்னேரம் பலாக்காய்க் கறியும் சோறும் தந்து கதவைத் திறந்துவிட்டார்கள்.

மச்சான், என் முதுகு நிமிரவில்லை, மனம் அதைவிட மோசம். பொய்யைச் சொல்லிக் கட்டிக்கொடுத்தால், நாளைக்குப் போய் முழிக்கப் போகிறவள் நாகம்மாதானே. வேலாயுதர் ஊர் திரும்பியதும் நீர் அவர் வீட்டுக்குப் போய், அந்த வளவு வேறு, என் வளவு வேறு என்று பக்குவமாகச் சொல்லிவிடும். சம்பந்தம் போனால் போகட்டும்.

உமது வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். வைரவருக்கு என் பேரில் ஒரு தேங்காய் உடைத்துவிடவும்.

இப்படிக்கு,
குனிந்தபடியே எழுதும்
மயில்வாகனம்

பி.கு.: ஒன்றும் சொல்லவேண்டாம். வேலாயுதர் இன்று காலை எனக்கு முன்னமே எழும்பி, தையில் அந்த வளவிலேயே கல்யாணம் என்று ஊரில் அறுபது பேருக்குக் கடிதம் போட்டுவிட்டார். வழக்கம் தெரியாமல் வந்து யாரும் பட்டினி கிடக்கக் கூடாதென்று ஆளுக்கொரு மண்வெட்டியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். முதல் பெயர் உம்முடையது.