வளையல் அளவில் ஒரு வோல்ட் மீட்டர்

சாமி கும்பிடுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சாமியிடமே கேட்போம். (முருகனுக்கு எலக்ட்ரிக் வேலை தெரியுமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.) ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நானும் என் பக்தியும் சேர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்து ஸ்டோரையே நிறுத்திவிட்டோம்.

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலைதான். கண்டி மலையில் ஹேவாஹெட்டப் பக்கம் காப்பிக் காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. காப்பிக்கொட்டை போட்டுவைத்த கல் அறையொன்றும் மிச்சமிருந்தது. அதில்தான் தோட்டத்து சப்ஸ்டேஷன். நான் அங்கே தற்காலிக எலக்ட்ரீஷியன். ஐந்து வருடமாகத் தற்காலிகம்.

என் மனைவி ராஜேஸ் அப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். போகும் அன்று கழற்றிய பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று முருகன் படத்தடியில் இருந்தது. விளக்கு வைக்கும்போது நான் எதைப் பார்த்துக் கும்பிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்பிட்டீங்களா? புள்ள பள்ளிக்கூடம் போகுதா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள். மீதி ஆறு நாளும் அந்த இரண்டு கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கூப்பிட்டார்.

"முத்தையா, பேனல்ல இருக்க வோல்ட் மீட்டர் செத்துப்போச்சு. நீயே பாத்து ஒண்ணு வாங்கிப் பூட்டு. ஒழுங்கா செஞ்சேன்னா, ஒன்ன நிரந்தரமாக்கச் சொல்லி தோட்டத்துத் தொரைகிட்ட நானே பேசுறேன். வீடும் கெடைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ராஜேஸிடம் சொன்னேன். வீட்டில் எத்தனை அறை என்று முதலில் கேட்டாள். பிறகு, "அப்ப நான் மறுபடி ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து வைக்கலங்க. வந்துடுறேன்" என்றாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

பழைய மீட்டரைக் கழற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்குக் கரண்டை நிறுத்த வேண்டும், உள்ளே கொழுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. மீட்டர் முகத்தில் எண்களும் அழிந்துபோயிருந்தன. ஊசி முக்கால் பங்குக்குச் சாய்ந்து நின்றால் எல்லாம் சுகம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். சரி, அளவாவது எடுப்போம் என்று பார்த்தால் ஸ்டோரில் இருந்த அளவு டேப்புக்கு நுனி அறுந்திருந்தது. என்ன தோன்றியதோ, வீட்டுக்கு ஓடி ராஜேஸின் வளையலை எடுத்துவந்து மீட்டரின் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே வட்டம்! முருகனே காட்டிக்கொடுத்தது போல இருந்தது.

வளையலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிலிமத்தலாவை எலக்ட்ரிக் கடை வரை பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தபடியே போனேன். (பக்கத்து சீட்டுக்காரர் இருதய வியாதி என்று நினைத்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.)

"பழைய மீட்டர் எங்க?" என்றார் கடை முதலாளி.

"அளவு கொண்டாந்திருக்கேன்" என்று வளையலை மேசையில் வைத்தேன்.

"தம்பி, பேன்சி கடை எதிர்ப்பக்கம்."

கடையில் நின்றவர்கள் சிரித்து ஓய்ந்ததும் அவர் ஒரே அளவில் இரண்டு மீட்டர்களை வைத்தார். ஒன்றில் ஐந்நூறு வோல்ட் வரை. மற்றதில் பதினையாயிரம் வரை. "பேனலுக்கு வர்றது நேர் லைனா, ட்ரான்ஸ்போமர்ல கொறச்சு வர்றதா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீமேக்கருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் கண்ணை மூடி "முருகா" என்றேன். ஸ்டோர் மெஷினுக்கு வருவது நானூறு, பதினையாயிரம் எதற்கு? "நேர் லைன்தாங்க முதலாளி" என்று பெரிய இஞ்சினியர் குரலில் சொல்லி ஐந்நூறை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கரண்டை நிறுத்தி, புது மீட்டரைப் பேனலில் பூட்டினேன். வளையல் போட்டது போல உட்கார்ந்தது. சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டேன்.

ஊசி கொஞ்சம் எழும்பி, கால் பங்குகூட ஏறாமல் நின்றது. நூற்றுப்பத்து.

"அய்யோ, கரண்டு பத்தல! மோட்டரெல்லாம் எரியப்போவுது, நிப்பாட்டு!" என்று டீமேக்கர் ஐயா கத்தினார். நிறுத்தினோம். கண்டியிலிருந்து மின்சாரக் கந்தோர் அதிகாரி மாத்தையா வந்துசேர்வதற்குள் ஒருநாள் கொழுந்து முழுவதும் புளித்துப்போனது. அவர் கைமீட்டரை வைத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கரண்ட் ஹொந்தய், நல்லா முழுசா வருது. மீட்டர்தான் பிழை."

விசயம் இதுதான். அந்தப் பேனல் காட்டவேண்டியது மெஷினுக்குப் போகும் நானூறை இல்லை, வெளியிலிருந்து வரும் பதினொராயிரம் வோல்ட்டை. அதை நேரே மீட்டருக்குக் கொடுக்க முடியாது. சின்ன ட்ரான்ஸ்போமர் ஒன்று நூற்றுப்பத்தாகக் குறைத்து அனுப்பும். அதைப் பதினொராயிரம் என்று வாசித்துக் காட்டுவதற்கென்றே செய்த மீட்டரைத்தான் நான் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நிரந்தர வேலை மடுல்கெல்லவிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ராஜேஸிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"என் வளையலையா கொண்டுபோனீங்க?" என்றாள். அப்புறம் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறை அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அவள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தாள்.

அதன்பிறகு வந்த எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவளுடைய முதல் கேள்வி மாறிப்போனது. "என்னாங்க, ஊசி எங்க நிக்குது?"

"நூத்திப்பத்துல" என்பேன்.

"கரண்டு முழுசாத்தான் வருதுங்க" என்பாள்.

இப்போது அவள் வீட்டோடு இருக்கிறாள். கை மெலிந்து, அந்த வளையல் முழங்கை வரை ஓடுகிறது. கண்டிக்குச் சாமான் வாங்கப் போனவள் பஸ் பிந்தினால், நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு மகள் போனில் கூப்பிட்டுச் சொல்கிறாள்:

"அம்மா, சீக்கிரம் வாங்க. அப்பா நூத்திப்பத்துக்கு எறங்கிட்டாரு."