புரளாத போன்

"செத்தாலும் இந்த போனை மாத்த மாட்டேன்!" என்று ரைமோ சூளுரைத்தது ஏழாவது முறை. முதல் ஆறு முறையும் மெர்வி மல்லுக்கு நின்றாள். இந்த முறை பேசாமல் காபி ஊற்றிக் கொடுத்தாள். கட்டிய மனைவி சண்டைக்கு வராவிட்டால் மனிதர் உஷாராக வேண்டாமா? ஆகவில்லை.

தாம்பெரே நகரத்தில் அந்த போனைச் செய்த கம்பெனியில் ரைமோ பதினோரு வருடம் மென்பொருள் எழுதியவர். திரை முழுக்கச் சதுரக் கட்டங்கள். அதில் ஒன்று தானாகப் புரண்டு மெர்வியின் முகத்தைக் காட்டும். அந்தப் புரளல் இவருடைய கைவேலை. கம்பெனி போச்சு, செயலிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின, அந்தக் கட்டம் மட்டும் இன்னும் புரண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்தாலே பழைய ஆபீஸ், கூட வேலை பார்த்த பயல்கள், நாற்பது வயது மெர்வி எல்லாம் கண்முன் வந்து நிற்கும்.

"மாத்த வேண்டாம்ப்பா," என்றாள் மெர்வி. "ஆனா சவுனா முறையை இனிமே செயலியிலதான் பதியணுமாம். சுவத்துல இருந்த தாளை எடுத்துட்டாங்க. உன் போன்ல அந்தச் செயலி வராதே!"

காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. சவுனா என்பது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான நீராவிக் குளியலறை. அதில் வெள்ளிக்கிழமை ஆறு மணி ரைமோவுடையது. இருபத்திரண்டு வருடமாக! அந்த ஒரு மணி நேர வெந்நீராவிக்காகத்தான் மீதி வாரத்தையே அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னா?"

"எதிர்வீட்டு லெப்பானென். கதவைத் தட்டிக் கேளேன்."

"தட்டறதா? நானா?"

இருபத்திரண்டு வருடப் பழக்கம், தலையசைப்போடு சரி. படியில் லெப்பானென் காலடி கேட்டால், அவர் இறங்கிப் போகும்வரை ரைமோ கதவுக்குப் பின்னால் ஷூவோடு காத்திருப்பார். லெப்பானெனும் அப்படித்தான். அவ்வளவு மரியாதை! அதைக் கெடுப்பதைவிடப் புது போன் வாங்குவதே உத்தமம் என்று பட்டது. வாங்கினார்.

மெர்வி எதையோ திறந்து, வெள்ளி ஆறு மணியை அமுக்கச் சொன்னாள். அமுக்கினார். அப்புறம் ஆரம்பித்தது புலம்பல்.

"பின்னால போற பட்டன் எங்கே?"

"ஓரத்துல விரலை இழு."

"எங்க கம்பெனி போன் நம்ம மொழியோட முப்பது எழுத்து வார்த்தையைக்கூடப் பாதியிலயே புரிஞ்சுக்கும். இது என்னையே திருத்துது!"

"நானும் முப்பது வருஷமா திருத்தறேன். அதுக்காவது மசியறியான்னு பாப்போம்."

"இதுல கட்டமெல்லாம் வரிசையா செத்துக் கிடக்கு மெர்வி. ஒண்ணாவது புரளுதா?"

அந்த நேரம் பார்த்துப் புது போன் அடித்தது. நார்வேயிலிருந்து மகள், வீடியோவில். மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். பழைய போனில் வீடியோ வராது; மெர்வியின் போனில் எட்டிப்பார்க்க மானம் இடம் கொடுக்காமல் ரைமோ இதுநாள்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது பேத்தி அவர் உள்ளங்கையில். கால்களை உதைத்தாள், முக்கினாள், சட்டென்று குப்புறப் புரண்டாள்.

"அப்பா! இதுதான் முதல் தடவை!" என்று கத்தினாள் மகள்.

ரைமோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "படம் சுமார்தான்," என்றார்.

வெள்ளிக்கிழமை துண்டோடு கீழே போனால், சுவரில் அதே தாள், அதே கயிறு கட்டிய பென்சில். ஆறு மணிக்கு நேரே 'ரைமோ', மெர்வியின் கையெழுத்தில். ஐந்து மணி முறை முடிந்து லெப்பானென் செக்கச்செவேலென்று வெளியே வந்தார்.

"சவுனா செயலி...?" என்றார் ரைமோ. அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"என்ன செயலி?" என்றார் லெப்பானென்.

ஆவியில் வெந்தது போதாதென்று கோபத்திலும் வெந்து ரைமோ மேலே வந்தார். "வெறும் நாட்காட்டியைக் காட்டி ஏமாத்திட்டியே! எனக்கு என் போனே போதும்!"

"இந்தா, சார்ஜ் போட்டே வச்சிருக்கேன்." பழைய போனை நீட்டினாள் மெர்வி. கட்டம் புரண்டது. நாற்பது வயது மெர்வி சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை பொண்ணு குழந்தையைக் காட்டுவா. நான் என் போன்ல பேசிக்கறேன், நீ ஜன்னலைப் பாரு."

ரைமோ பழைய போனை வெகு நேரம் தடவிக்கொடுத்தார். பிறகு அதை மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டு, புது போனை எடுத்தார்.

"எத்தனை மணிக்குன்னு சொல்லு," என்றார், "செயலியில பதிஞ்சுக்கறேன்."