எடை குறைந்த தொட்டி

எபனேசர் வேட்டியை மடித்துக் கட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியைத் தூக்கினார். அது வந்த வேகத்தில் மொட்டை மாடியில் மல்லாக்க விழுந்தார்.

மூன்றடி உயரத் தொட்டி. அதற்குள் ஆளுயர அரிகா என்னும் அழகுப் பனை. நியாயமாகப் பார்த்தால் அதை ஓரங்குலம் நகர்த்தவே ரெண்டு ஆள் வேண்டும். அதுவோ பூனைக்குட்டி மாதிரி அவர் நெஞ்சின் மேல் படுத்திருந்தது.

"வேதமணி!"

மனைவி வேதமணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "இந்த வயசுல இதப் போயி எதுக்குத் தூக்குனீய?"

"தூக்குனது தப்பில்லட்டி. தூக்க முடிஞ்சதுதான் தப்பு!"

எபனேசர் முப்பத்திரண்டு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலை தெரிந்தால் ராஜபாளையம் பஜாரில் தராசு முள் தானாக நேரே நிற்கும் என்பார்கள். எவனிடமும் ஒரு வெற்றிலை கூடக் கைநீட்டி வாங்கியதில்லை. எவனும் அவரை ஏமாற்றியதும் இல்லை. அவர் சம்பாதித்த சொத்து அந்த ரெண்டும்தான். அதில் ஒன்று இன்றைக்குப் போய்விட்டது!

வேதமணியின் கரண்டியைப் பிடுங்கி மண்ணைக் கிளறினார். நாலு விரற்கடைக்கு மண். அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். பக்கத்துத் தொட்டியைக் கிளறினார். அதிலும் அதே கதை. பனைகள் நாற்றுப் பையோடு தெர்மாகோலுக்கு நடுவே செருகி வைக்கப்பட்டிருந்தன.

எபனேசருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. தொட்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் செடிப் பண்ணை நடத்தும் சாதிக் பாட்சாவிடம். உடனே போனைப் போட்டார்.

"யோவ் பாய்! மண்ணுன்னு சொல்லி தெர்மாகோலையா அனுப்புற?"

"தெர்மாகோலா? நம்ம தொட்டியில செம்மண்ணும் சாணி எருவும்ல்லா அண்ணாச்சி இருக்கும். இன்னைக்கோ நாளைக்கோ அனுப்பிரணும்னு கடையில சொல்லிட்டுத்தான் மதுரைக்கு வந்தேன்."

"நான் பொய் சொல்லுதேனா? தெருமுனையில லோடு ஆட்டோவைப் பாத்ததும் நானேதான்யா கை காட்டி மறிச்சேன். முன்னால நின்னு மாடிக்கு ஏத்த வச்சேன். கண்கண்ட சாட்சி நான்!"

"செத்த பொறுங்க அண்ணாச்சி, சாயங்காலம் நேர்லயே வாரேன்."

சாயங்காலம் வரை சும்மா இருந்தால் அவர் எபனேசர் இல்லை. எதிலும் குறைவு எவ்வளவு என்று அளந்து எழுதினால்தானே கேஸ் நிற்கும்? ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தெர்மாகோலை அள்ளினார். பழைய சுருள் தராசை எடுத்து வந்து, கொக்கியில் மாட்டுவதற்காகத் தெர்மாகோலைத் துண்டு துண்டாக உடைத்தார்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இது ஆனிதான். ஆனால் தெர்மாகோலுக்கு ஆனியே தாராளம். மலைப் பக்கமிருந்து வீசிய ஒரு வீச்சில் வெள்ளை உருண்டைகள் கூட்டமாகக் கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டின.

அடுத்த வீட்டு மாடியில் சௌதா கூழ்வத்தல் பிழிந்து முடித்து அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ஐயய்யோ! அண்ணே, என்னண்ணே இது? வத்தல் பூராவும் ஒட்டிக்கிட்டு! எது ஜவ்வரிசி, எது ஒங்க சாமானுன்னு எனக்கே தெரியலையே!"

"என்னைய ஏம்மா கேக்க? மடவார் வளாகத்து பாயைக் கேளு!" என்றார் எபனேசர்.

மிச்சமாவது பறக்காமல் இருக்கட்டும் என்று தண்ணீர்க் குழாயைத் திறந்து நனைத்தார். உருண்டைகள் பறக்கவில்லை. மிதந்தன. மிதந்துபோய் மாடியின் தண்ணீர்ப் போக்கியை அடைத்தன. குழாயை அவர் நிறுத்துவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பிறகு அது படிக்கட்டைக் கண்டுபிடித்தது.

"கூடத்துக்குள்ள குற்றாலம் வருது!" கீழேயிருந்து வேதமணி அலறினாள். "போனா போவுதுன்னு அந்தக் கழுதைய விட்டுத் தொலைங்களேன்!"

"விடுறதா? எபனேசரையே ஏமாத்திட்டாம்னு நாளைக்கு பஜாரே சிரிக்கும்ட்டி!"

அடுத்து, தொட்டிக்கு உண்மையில் எம்புட்டு மண் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். பக்கத்துத் தெரு சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு, செம்மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வரச் சொன்னார். ஒவ்வொரு கூடையையும் நிறுத்து, நோட்டில் குறித்து, காலித் தொட்டியில் கொட்டினார்.

"எதுக்கு சார் இம்புட்டுக் கணக்கு?" சங்கிலிப்பாண்டிக்கு மூச்சு வாங்கியது.

"எல்லாம் நியாயத்துக்கு. அடுத்த கூடையக் கொண்டா."

பதினோராவது கூடையில் 'டபார்' என்று சத்தம் கேட்டது. தொட்டி மேலிருந்து கீழ்வரை பிளந்து, அத்தனை செம்மண்ணும் தண்ணீரில் சரிந்தது. இதுவரை ஜவ்வரிசிப் பாயசமாக இருந்த மாடி இப்போது கேப்பைக் கூழாகிவிட்டது.

எபனேசர் ஒரு சில்லை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். சிமெண்ட் இல்லை. சிமெண்ட் நிறம் பூசிய ஃபைபர்.

"தொட்டியும் போலி! எடை மோசடி, பொருள் மோசடி! ரெண்டு கேஸ்!"

வேதமணி தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எபனேசருக்கோ வயது இருபது குறைந்த மாதிரி இருந்தது. இனிமேல் வேண்டியது சாட்சி ஒன்றுதான். பழைய பழக்கத்தில் அந்த லோடு ஆட்டோவின் நம்பரைக் குறித்து வைத்திருந்தார். டிரைவர் வல்லரசு, சங்கிலிப்பாண்டிக்குத் தெரிந்தவன்தான்.

"அவன் எங்க இருந்தாலும் கையோட கூட்டிட்டு வா."

சாயங்காலம் சாதிக் பாட்சா மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து சேர்ந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் கால் வைத்து, உடைந்த தொட்டியையும் உடையாத தொட்டியையும் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நம்ம தொட்டியே இல்ல. நான் ஃபைபர் தொட்டி விக்கிறதும் இல்ல."

"கேட்டியாட்டி? தொட்டியே இவனுது இல்லையாம்! செத்த நேரம் விட்டா ஸ்ரீவில்லிபுத்தூரே என் ஊரு இல்லைம்பான்!"

"அல்லா மேல ஆணையா—"

"ஆணையெல்லாம் வேண்டாம். சாட்சி பேசும்!"

சங்கிலிப்பாண்டி முன்னே வர, பின்னால் வல்லரசு படியேறி வந்தான். எபனேசரைப் பார்த்ததும் கழுத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். மாடி இருந்த கோலத்தைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது.

சத்தம் கேட்டுச் சௌதாவும் கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்டாள். எபனேசர் தொண்டையைச் செருமினார். எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒரு விசாரணை நடத்தி!

"ஏலே, இந்த ரெண்டு தொட்டியவும் கொண்டாந்து இறக்குனது நீதானே?"

"ஆமா சார்."

"பாய், நல்லாக் கேட்டுக்கோ! ஏலே வல்லரசு, நீ ஒருத்தனுக்கும் பயப்படாத. எம் முன்னால உண்மையச் சொன்னா ஒனக்கு ஒரு கொறையும் வராது. சொல்லு, இதை இங்க இறக்கச் சொன்ன ஆளு யாரு?"

வல்லரசு உடைந்த தொட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நீங்கதான் சார்... கல்யாண மேடை அலங்காரத்துக்குக் கொண்டு போய்ட்டு இருந்தேன், நடுரோட்டுல கை காட்டி மறிச்சு 'இறக்குலே'ன்னீய. இன்ஸ்பெக்டர் சார் மாமூல் எடுக்காவன்னு நெனச்சு, நானும் வாயத் தொறக்காம இறக்கிட்டேன்."