ஆரஞ்சு பச்சையான சனிக்கிழமை

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அன்று மனைவி மோகனாவிடம் சத்தியம் செய்தேன்: இனி சிகரெட் கிடையாது. சில மாதம் காப்பாற்றினேன். போன சனிக்கிழமை எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டின் கார் பார்க்கில், பக்கத்து வீட்டு யுகேந்திரன் பாக்கெட்டை நீட்டினான். இரண்டு எடுத்தேன். சத்தியம் புகையாகப் போய்விட்டது.

"அண்ணே, அக்கா மோப்பம் பிடிச்சிருவாங்க லா," என்று தன் காடிக் கதவைத் திறந்து மௌத்வாஷ் எடுத்துக் கொடுத்தான். காரமான சரக்கு. நன்றாகக் கொப்புளித்துவிட்டு மேலே போனேன்.

மோகனா இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மேசையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். உள்ளே ஆரஞ்சு நிறப் பொடி.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இதுல ஊதுங்க."

"என்ன இது?"

"அந்தக் காலத்துல போலீஸ் குடிகாரங்களப் பிடிச்ச முறை. மூச்சுல ஆல்கஹால் இருந்தா ஆரஞ்சு பச்சையாகும். பிள்ளைங்களுக்குக் காட்டணும். நீங்கதான் குடிக்காத ஆளாச்சே, மாறாம இருக்கான்னு பாக்கறேன்."

குடி விஷயத்தில் நான் உத்தமன். நெஞ்சை நிமிர்த்தி ஊதினேன்.

பச்சை!

"குடிச்சிருக்கீங்க!"

"சத்தியமா இல்ல! உன் பொடி கெட்டுப்போச்சு!"

"பொடி பொய் சொல்லாது. நீங்க சொல்றதுதான் பச்சைப் பொய். ஸ்டென்ட் வச்ச மனுஷன்..."

அவள் கண் கலங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

"மௌத்வாஷ், மோகனா! இப்பதான் கொப்புளிச்சேன். அதுல ஆல்கஹால் இருக்கும்!"

அவள் யோசித்தாள். "வாயில ஒட்டினதுன்னா கால் மணி நேரத்துல போயிரும். ரத்தத்துல இருந்தா நுரையீரல் வழியா வந்துக்கிட்டே இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். நிரபராதி எப்படி உட்காருவானோ அப்படி. நேரம் ஆனதும் இரண்டாவது குழாயில் அடிவயிற்றிலிருந்து ஊதினேன். ஆரஞ்சு அசையவில்லை.

"இப்ப என்ன சொல்ற?"

"மன்னிச்சிருங்க. அவசரப்பட்டுட்டேன்."

கல்யாணமான நாளாய் அவள் வாயில் வராத வார்த்தை. கால் மேல் கால் போட்டேன்.

"பரவால்ல. நல்லா ஆத்தி ஒரு தே தாரிக் போடு."

அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"நம்ம வீட்டுல மௌத்வாஷே இல்லையே. குடிக்கவும் இல்ல. அப்ப எந்த வாசனைய மறைக்க வெளியில நின்னு கொப்புளிச்சீங்க?"

"சும்மா லா..."

"மிச்ச சிகரெட்டக் குடுங்க."

"எந்த சிகரெட்?"

"இப்ப கை வச்சு மூடினீங்களே, அந்தச் சட்டைப் பையில இருக்கறது."